ஹாபர், போர்ட்: இரண்டும் ஒன்றா?

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. தந்தையாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில் “மை பாதர் வேர்க்ஸ் இன் த ஹாபர்” என்று அவர் எழுதியிருந்தாராம். ஆசிரியை அதை வெட்டிவிட்டு “அட் த போர்ட்” என்று சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் “அப்பாவுக்கு ஹாபரில வேலை” என்றுதான் சொல்கிறார்கள், வீட்டுக்கு அருகிலுள்ள வீதியின் பெயர்ப்பலகையிலும் ஹாபர்தான் இருக்கிறது, அகராதியைப் புரட்டினால் இரண்டு சொல்லுக்கும் துறைமுகம் என்றே போட்டிருக்கிறது; அப்படியிருக்க நான் எழுதியதில் என்ன பிழை என்று கேட்கிறார்.

மகள், ஆசிரியை திருத்தியது சரி. ஆனால் நீங்கள் எழுதியதும் காரணமில்லாமல் வந்த பிழையன்று. நம் ஊரில் ஹாபர் என்ற சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தத் தமிழ் ஹாபருக்குள் கடல், இறங்குதுறையான ஜெற்றி, களஞ்சியம், அலுவலகம், சம்பளம் எல்லாம் அடக்கம். ஆங்கில ஹாபருக்குள் அவ்வளவும் அடங்காது. அதனால்தான் நம் வாயில் சரியாக இருக்கும் வாக்கியம் ஆங்கிலத் தாளில் இறங்கியவுடன் சற்றுப் பிசகுகிறது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஹாபர் என்பது முதலில் ஒரு நீர்ப்பரப்பு. அலையும் காற்றும் தாக்காதபடி நிலம் வளைத்துக் காக்கும் நீர்ப்பரப்பு. போர்ட் என்பதோ கப்பல் வந்து பொருளையோ ஆட்களையோ ஏற்றி இறக்கும் இடம். அதில் ஜெற்றியும் பாரந்தூக்கியும் சுங்கமும் கணக்குப்புத்தகமும் சேரும். தந்தையார் நீருக்குள் வேலை செய்யவில்லை, நீரோரத்தில் இயங்கும் ஒரு தொழில் நிலையத்தில் வேலை செய்கிறார் என்பதால் ஆசிரியை “அட் த போர்ட்” என்று மாற்றியிருக்கிறார்.

இந்த வேறுபாட்டை அகராதியில் படிப்பதைவிட நம் ஊரிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். மார்கழி மாதத்தில், வடகீழ்ப் பருவக்காற்று முழுவீச்சில் அடிக்கும் ஒரு நாளில், டச் பே கடற்கரையில் போய் நில்லுங்கள். மண் கலங்கிப் பழுப்பாகிப்போன அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்; பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது; வள்ளங்களை மேட்டில் இழுத்து ஏற்றிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து நகரத்தைக் குறுக்காக வெட்டி மேற்கே நடந்தால் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் உட்துறைமுக வீதிக்கு வந்துவிடுவீர்கள். அதே நாள், அதே காற்று, ஆனால் நீர் குளத்தைப்போலக் கிடக்கும். நங்கூரமிட்ட படகு தன் நிழலின்மேல் மெல்ல அசைந்துகொண்டு நிற்கும். திருகோணமலை நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டின்மேல் இருப்பதால்தான் இப்படி ஒரே நடையில் இரண்டையும் பார்க்க முடிகிறது. நீங்கள் இரண்டாவதாகப் பார்த்த அந்த அமைதிக்குத்தான் ஆங்கிலத்தில் ஹாபர் என்று பெயர். அங்கே ஒரு ஜெற்றிகூட இல்லாதிருந்தாலும், ஒரு மூட்டைகூட இறங்காதிருந்தாலும் அது ஹாபர்தான். டச் பேயில் எத்தனை வள்ளம் கரையேறினாலும் அதை ஹாபர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது பே, அதாவது குடா.

இதனால்தான் ஆங்கிலத்தில் “நாச்சுரல் ஹாபர்” என்று சொல்வார்கள், “நாச்சுரல் போர்ட்” என்று சொல்லமாட்டார்கள். ஒதுக்கிடத்தை இயற்கை தரலாம். ஏற்றி இறக்கும் தொழிலை இயற்கை தராது, அதை மனிதர்தான் நடத்தவேண்டும். தமிழில் நாம் “இயற்கைத் துறைமுகம்” என்று எழுதும்போது இந்த நுட்பம் மறைந்துவிடுகிறது. பள்ளிப் பாடநூலில் திருகோணமலையை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று படித்துவிட்டு, அப்படியானால் இங்கே கொழும்பைவிட அதிகமாகக் கப்பல்கள் வரவேண்டுமே, ஏன் வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேள்வி நியாயமானது, சொல் ஒன்றாக இருப்பதால் எழுந்த குழப்பம் அது. அந்த வாக்கியம் புகழ்வது ஹாபரை. பிள்ளைகள் கேட்பதோ போர்ட்டைப் பற்றி.

கொழும்பையும் திருகோணமலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு சொற்களும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கொழும்பில் நல்ல ஹாபர் இயற்கையாக இருக்கவில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில் ஆடிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அதனால் பழைய காலத்தில் பெரிய கப்பல்கள் தெற்கே காலி நகரத்தைத்தான் நாடின. ஆனால் மலைநாட்டில் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்தன, புகையிரதப் பாதை கொழும்பில் வந்து முடிந்தது, வணிகர்கள் அங்கே இருந்தார்கள். போர்ட்டுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. ஹாபர் ஒன்றுதான் இல்லை. ஆகவே ஹாபரைக் கட்டினார்கள். 1875 இல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல்லால் கை நீட்டி, அமைதியான நீரைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். திருகோணமலையில் நிலைமை நேர்மாறு. சுமார் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு, கரைக்கு மிக அருகிலேயே ஆழம், சுற்றிலும் காட்டுக் குன்றுகள், வாயிலுக்கு வெளியே கொட்டியாரக் குடா. இவ்வளவையும் இயற்கை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஆனால் முதுகுப்புறத்தில் இருந்தது வரண்ட வலயம்; ஏற்றுமதிக்குக் குவியும் விளைபொருளும் இல்லை, வாங்குவதற்குப் பெருநகரமும் இல்லை. இன்று சீனன்குடாவில் கோதுமை இறங்கும் மா ஆலையும் சீமெந்து ஆலையும் தத்தம் ஜெற்றிகளோடு இயங்குகின்றன, அஷ்ரப் ஜெற்றியில் சரக்குக் கப்பல்கள் வந்து அணைகின்றன. ஆயினும் நீரின் பெருமைக்கு ஏற்ற அளவுக்குத் தொழில் வளரவில்லை என்பதை ஊரவர் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கொழும்பு பெரிய போர்ட், திருகோணமலை பெரிய ஹாபர். அம்பாந்தோட்டை இன்னொரு வகை. அங்கே நிலத்தையே தோண்டிக் கடல்நீரை உள்ளே விட்டு ஹாபரை உண்டாக்கி, 2010 இல் போர்ட்டைத் திறந்தார்கள்.

திருகோணமலையில் ஏன் ஹாபர் என்ற சொல் மட்டும் மக்கள் வாயில் ஊன்றியது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். 1795 இல் ஆங்கிலேயர் இந்த ஊரைக் கைப்பற்றியது சரக்கு ஏற்றுவதற்காக அன்று. போர்க்கப்பல்களை ஒதுக்கிவைக்கவும் பழுதுபார்க்கவும். சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளும், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும், 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும் அந்தக் கடற்படைக் கதையின் பகுதிகள். போர்க்கப்பலுக்கு வேண்டியது ஒதுக்கிடம். எனவே அவர்கள் பேசியதும் வீதிகளுக்குப் பெயராக வைத்ததும் உட்துறைமுகம் என்னும் இன்னர் ஹாபர், கப்பல் பழுதுபார்க்கும் இடமான டொக்யார்ட் என்ற சொற்களே. தந்தையாரின் நியமனக் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் போர்ட் என்ற சொல், 1979 இல் உருவான துறைமுக அதிகாரசபையின் பெயரோடு வந்தது. வீதியில் ஒரு சொல், கடிதத்தில் வேறொரு சொல் என்று நீங்கள் கண்டது இதனால்தான்.

நம் நாட்டிலேயே இந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டும் இரண்டு நிறுவனங்கள் உண்டு. ஒன்று நான் சொன்ன துறைமுக அதிகாரசபை. ஆங்கிலப் பெயரில் போர்ட்ஸ் என்று வரும். மற்றது மீன்பிடித் துறைமுகங்களைப் பார்க்கும் கூட்டுத்தாபனம். அதன் ஆங்கிலப் பெயரில் பிஷரி ஹாபர்ஸ் என்று வரும். நம் ஊரின் கொட் பேயில் இருப்பதும் பிஷரி ஹாபர்தான். மீன்பிடிப் படகுகளுக்கு முதல் தேவை காற்றிலிருந்து காப்பு. மீன் இறக்குவது, ஐஸ் ஏற்றுவது, டீசல் அடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. சரக்குக் கப்பலுக்கோ வேலை முடிந்தால் நிற்கவே மனம் வராது; நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் செலவு. பெயர் வைத்தவர்கள் இவ்வளவும் யோசித்து வைத்தார்களோ தெரியாது, ஆனால் சொற்கள் தம் இயல்புப்படியே போய் அமர்ந்திருக்கின்றன. தமிழில் இரண்டு பெயரிலும் துறைமுகம் என்ற ஒரே சொல்தான்.

சேர்ந்து வரும் சொற்களைக் கவனித்தால் பிழை விடமாட்டீர்கள். கொள்கலன் என்றால் கண்டெய்னர் போர்ட். கொழும்பில் கடலை நிரப்பி எழுப்பும் நகரம் போர்ட் சிட்டி. விமானம் இறங்குவது எயார்போர்ட், எயார்ஹாபர் கிடையாது. கப்பல் கரைக்கு வந்து நிற்கிறது என்றால் “இன் போர்ட்” என்பார்கள், அங்கே “த” வராது. படகுகள் நீரில் நிற்கும் காட்சியைச் சொன்னால் “இன் த ஹாபர்”. உங்கள் வாக்கியத்தை ஆங்கிலேயர் ஒருவர் படித்தால் தந்தையாரைச் சுழியோடி என்றோ, நீரில் நின்று செய்யும் ஏதோ வேலையில் இருப்பவர் என்றோ ஒரு கணம் எண்ணக்கூடும். ஹாபர் மாஸ்டர் என்ற பதவி மட்டும் அதிகாரசபைக்குள்ளேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவருடைய பொறுப்பைப் பாருங்கள்: எந்தக் கப்பல் எப்போது வாயிலைக் கடக்கலாம், எங்கே நங்கூரமிடலாம், எவ்வளவு ஆழம் இருக்கிறது, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் எப்போது ஏறவேண்டும் என்பவை. அத்தனையும் நீரைப் பற்றியவை. மூட்டைக் கணக்கு அவரிடம் இல்லை. அதனால் அவர் ஹாபர் மாஸ்டர்.

தமிழில் ஏன் ஒரே சொல் என்று யோசித்தால், நம் சொல் வேறு இடத்திலிருந்து புறப்பட்டிருப்பது தெரியும். துறை என்பது நீரில் இறங்கும் இடம். ஆற்றிலும் குளத்திலும் கடலிலும் துறை உண்டு. குளிக்கும் துறை, வண்ணான் துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை. முகம் என்றால் வாயில்; கழிமுகம், முகத்துவாரம் என்பவற்றில் வருவதும் அதுவே. ஆகவே துறைமுகம் என்ற சொல்லில் இறங்குவதும் நுழைவதும் இருக்கின்றன. ஒதுங்குவதும் காப்பதும் சொல்லளவில் இல்லை. பொருளால் அது போர்ட்டுக்கு நெருங்கிய சொல். போர்ட்டின் மூலமான இலத்தீன் “போர்ட்டுஸ்” என்பதும், வாயில் என்று பொருள்படும் “போர்ட்டா” என்பதும் உறவுச் சொற்கள் என்பதைப் பார்க்கும்போது, இரண்டு மொழிக்காரரும் கடற்கரையில் நின்று ஒரே விதமாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஹாபர் என்பதைத் தனித்துச் சொல்லவேண்டிய இடத்தில், “கப்பல்கள் ஒதுங்கும் குடா” என்று விரித்து எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. புதிதாக ஒரு சொல்லைச் சமைப்பதைவிட அது தெளிவு.

இறங்குதுறை என்றும் ஜெற்றி என்றும் நாம் சொல்வது இரண்டையும்விடச் சிறியது. கரையிலிருந்து நீருக்குள் நீளும் மேடை மட்டும். ஒரு போர்ட்டில் பல ஜெற்றிகள் இருக்கலாம். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்குப் போனவர்கள் துறையடியில் இறங்கிப் பாதையில் ஏறிப் போனதை வீட்டில் மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். பாதை என்றால் இங்கே நடக்கும் வழி அன்று, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை, ஆங்கிலத்தில் பெரி. அந்தத் துறையடியைப் போர்ட் என்றோ ஹாபர் என்றோ மொழிபெயர்த்துவிடாதீர்கள். “பெரி லாண்டிங்” என்றால் போதும்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் பரீட்சையில் கட்டாயம் உங்களைச் சந்திக்கப்போகும் ஒன்று. ஹாபர் வினைச்சொல்லாகவும் வரும். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லின் முதற்பாதிக்குப் படை என்றும் பிற்பாதிக்குக் காப்பிடம் என்றும் பொருள். அதாவது படை தங்கும் இடம். பிறகு யாரும் தங்கும் விடுதி என்றாயிற்று, அதன்பின்தான் கப்பல் தங்கும் இடம் என்று ஒடுங்கியது. ஜேர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் இன்றும் விடுதியைத்தான் குறிக்கிறது. புலம்பெயர்ந்த உறவினர் அங்கே இருந்தால் “ஹெர்பெர்கே” என்றால் என்னவென்று கேட்டுப்பாருங்கள். படைக்கு முன்னே ஓடிப்போய்த் தங்குமிடம் ஏற்பாடு செய்பவனுக்கு “ஹாபிஞ்சர்” என்று பெயர் இருந்தது. அச்சொல் இன்று வரப்போவதை முன்னறிவிப்பது, நாம் கட்டியம் கூறுவது என்கிறோமே அந்தப் பொருளில் வழங்குகிறது.

தங்கவைத்தல் என்ற அந்தப் பழைய பொருள் வினைச்சொல்லில் அழியாமல் நிற்கிறது. தேடப்படும் ஒருவனை வீட்டில் ஒளித்துவைத்தால் அது ஹாபர் செய்தல். 1883 இன் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதைப் பற்றிய பகுதியிலும் இச்சொல்தான் வருகிறது. ஈரமாகவே கிடக்கும் சமையலறைத் துணி கிருமியை ஹாபர் செய்கிறது. மனமும் ஹாபர் செய்யும், ஆனால் எல்லா உணர்ச்சியையும் அன்று. வன்மம், சந்தேகம், அச்சம், வெளியில் சொல்லாத ஆசை, பொய்யான நம்பிக்கை ஆகியவைதான் இந்த வினையோடு இயல்பாகச் சேரும். மகிழ்ச்சியை ஹாபர் செய்தேன் என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் முகம் சுளிப்பார், ஏனென்றால் மகிழ்ச்சியை யாரும் ஒளித்துவைத்துச் சோறு போடுவதில்லை. “ஹீ ஹாபர்ஸ் எ கிரட்ஜ்” என்பதற்கு “அவன் கோபமாக இருக்கிறான்” என்று தமிழ் எழுதிய பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைப்பேன். கோபம் வந்து போகும். இது வந்து தங்கிவிட்டது. “மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருக்கிறான்” என்றால்தான் அந்தத் தங்கல் தமிழில் வரும். வேலி எல்லைக்காகச் சண்டைபிடித்த இரண்டு சகோதரர்கள், கோயில் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வடம் பிடித்தும் இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்தால், அதற்குப் பொருந்தும் ஆங்கிலச் சொல் இது.

போர்ட்டுக்கும் பக்கத்தில் சில பொருள்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கைத்தொலைபேசிக் கடையில் “சார்ஜிங் போர்ட் போயிட்டுது” என்பார்களே, அந்தப் போர்ட் வாயில் என்ற பொருளில் வந்தது. கப்பலின் இடப்பக்கத்துக்கும் போர்ட் என்றே பெயர். பழைய கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலப்பக்கத்தில் கட்டியிருந்ததால், கரையில் அணைக்கும்போது இடப்பக்கத்தை அணைத்தார்கள். முன்னர் அதற்கு இருந்த “லார்போர்ட்” என்ற பெயர் வலப்பக்கத்தின் “ஸ்டார்போர்ட்” என்பதோடு காதில் குழம்பியதால், 1844 இல் பிரித்தானியக் கடற்படை போர்ட் என்ற சொல்லையே பயன்படுத்துமாறு கட்டளையிட்டது. பாஸ்போர்ட், போர்த்துக்கல் என்ற பெயர்களிலும் இதே போர்ட் ஒளிந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் “போட்” என்று எழுதினால் அது படகா, பலகையா, துறைமுகமா என்று தெரியாமல் போய்விடும் என்பதால்தான் நான் இந்தப் பதில் முழுவதும் “போர்ட்” என்று ரகர மெய்யோடு எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படி எழுதுவது நல்லது.

இன்னொரு பக்கத்துச் சொல் “ஹேவன்”. இதுவும் முதலில் கப்பல் ஒதுங்கும் இடமே. இப்போது பெரும்பாலும் புகலிடம் என்ற பொருளில் வரும். வரி கட்டாமல் பணத்தைக் கொண்டுபோய் வைக்கும் நாடுகளை “டக்ஸ் ஹேவன்” என்பார்கள். செய்தித்தாள்களில் சிலர் இதை “ஹெவன்” என்று படித்து வரிச் சொர்க்கம் என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் சொர்க்கம் என்றே சொல்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் வரிப் புகலிடம் என்று எழுதுவதே சரி.

உங்கள் கட்டுரைக்கு வருவோம். ஹாபர் என்ற சொல்லை அடியோடு எடுத்துவிட வேண்டியதில்லை, அதற்குரிய இடத்தில் வைத்தால் போதும். “வீ லிவ் நியர் த இன்னர் ஹாபர், அண்ட் மை பாதர் வேர்க்ஸ் அட் த போர்ட்” என்று எழுதுங்கள். தந்தையார் இழுவைப் படகிலோ பைலட் படகிலோ வேலை செய்பவராக இருந்தால் மட்டும் ஆசிரியையிடம் அதைச் சொல்லுங்கள்; அப்போது நீங்கள் முதலில் எழுதிய வாக்கியமே சரியாகிவிடும்.